மகுடத்தைப் பறித்த மாயப் பெயர்
நடன அழகி லோலா மோன்டெசின் கதை

பவேரியா, இன்றைய ஜெர்மனியின் தென்பகுதி. 19-ம் நூற்றாண்டில் அது தனி ராஜ்யம். தலைநகரம் மூனிச். 1825-ம் ஆண்டு முதல் அந்த நாட்டை ஆண்டு வந்தவர் மன்னர் முதலாம் லுட்விக்.

அவர் கலைப்பித்தர். மூனிச் நகரை மாளிகைகளாலும் அருங்காட்சியகங்களாலும் நிரப்பியவர். சிக்கனக்காரர். கவிதை எழுதுவார். பேரன் பிறந்த பிறகு, 60-வது வயதில், ஒரு நடனக்காரி மீது தீராத காதல் கொண்டார்.

அவள் பெயர் லோலா மோன்டெஸ். ஸ்பெயின் நாட்டில் உயர்ந்த குலத்தில் பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெயர் பொய். அந்த நாடு பொய். அந்தக் குலமும் பொய். அந்தப் பொய்யின் பின்னே சென்ற மன்னர் கடைசியில் மகுடத்தை இழந்தார்.

கங்கைக் கரைக்கு வந்த குழந்தை

லோலாவின் உண்மைப் பெயர் எலிசா கில்பர்ட். 1821-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி அயர்லாந்தில், சிலைகோ மாவட்டத்தில் பிறந்தாள். தந்தை ஆங்கிலேய ராணுவத்தில் இளநிலை அதிகாரி.

1823-ல் தந்தைக்கு இந்தியாவுக்கு மாற்றல் கிடைத்தது. மனைவியையும் 2 வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு கல்கத்தாவில் வந்து இறங்கினார். அங்கிருந்து கங்கை வழியாகப் படகில் பயணம். பாட்னாவை அடுத்த தானாப்பூர் ராணுவ முகாமை அடைந்த சிறிது காலத்தில் காலரா கண்டு இறந்துபோனார்.

தாய்க்கு அப்போது 20 வயது கூட நிரம்பவில்லை. அடுத்த ஆண்டே கிரெய்கி என்ற ராணுவ அதிகாரியை மறுமணம் செய்துகொண்டாள். கிரெய்கி நல்ல மனிதர். குழந்தையிடம் அன்பாக இருந்தார். ஆனால் வெள்ளைக்காரக் குழந்தைகளை இந்தியாவில் வளர்ப்பது அந்தக் காலத்து வழக்கம் அல்ல. ஆயாவின் கையில் வளர்ந்த எலிசாவை 5 வயதில் கப்பலேற்றி, ஸ்காட்லாந்தில் இருந்த கிரெய்கியின் உறவினர்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு சுமார் பத்து ஆண்டுகள் அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. உறவினர் வீடுகளிலும் விடுதிப் பள்ளிகளிலும் வளர்ந்தாள்.

16 வயதில் ஓட்டம்

1837-ல் தாய் இங்கிலாந்துக்கு வந்தாள். மகளை இந்தியாவில் இருந்த ஒரு வயதான பெரிய மனிதருக்குக் கட்டிவைக்கத் தாய் ஏற்பாடு செய்திருந்தாள் என்று லோலா பிற்காலத்தில் சொன்னாள்.

தாய் வந்த கப்பலில் தாமஸ் ஜேம்ஸ் என்ற லெப்டினெண்டும் வந்திருந்தான். எலிசாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வயது. அவனோடு எலிசா ஓடிப்போனாள். அதே ஆண்டு ஜூலையில் அயர்லாந்தில் திருமணம் நடந்தது. அவளுக்கு வயது 16.

கணவனோடு மறுபடியும் இந்தியாவுக்கு வந்தாள். இன்று அரியானா மாநிலத்தில் இருக்கும் கர்னால் அப்போது எல்லைப்புற ராணுவ நகரம். அங்கே குடும்பம் நடத்தினாள். 1839-ல் சிம்லாவுக்குச் சென்றபோது, கவர்னர் ஜெனரல் ஆக்லண்டு பிரபுவின் சகோதரி எமிலி ஈடன் அவளைப் பார்த்தார். அந்த இளம்பெண்ணின் அழகு பற்றித் தன் கடிதங்களில் எழுதி வைத்தார்.

திருமணம் நிலைக்கவில்லை. 1840-ல் கணவனைப் பிரிந்து கல்கத்தாவில் கப்பல் ஏறினாள். அந்தக் கப்பலில் சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்த லெனாக்ஸ் என்ற இளம் அதிகாரியும் பயணம் செய்தான். இருவருக்கும் உறவு ஏற்பட்டது. சக பயணிகள் கண்ணால் கண்டதை லண்டன் கோர்ட்டில் சாட்சியாகச் சொன்னார்கள்.

1842 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கணவன், மனைவி பிரிந்து வாழலாம். ஆனால் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர் மறுமணம் செய்யக்கூடாது.

லெனாக்சும் அதற்குள் விலகிப் போயிருந்தான். அவளுக்கு வயது 21. நல்ல வீட்டுக் கதவு ஒன்றுகூட அவளுக்குத் திறக்காது. எலிசா ஜேம்ஸ் என்ற பெயரோடு இனி வாழ முடியாது என்பதை அவள் புரிந்துகொண்டாள்.

புதுப் பெயர், புதுப் பிறவி

ஸ்பெயினுக்குப் போனாள். சில மாதங்கள் நடனம் பழகினாள். கொஞ்சம் ஸ்பானிய மொழியும் கற்றாள். கறுப்புக் கூந்தல், நீலக் கண்கள். கறுப்பு உடை உடுத்தி, முக்காடு அணிந்தால் ஸ்பானியப் பெண் அல்ல என்று யார் சொல்ல முடியும்?

காலமும் அவளுக்குக் கைகொடுத்தது. ஆளின் படம் ஒட்டிய பாஸ்போர்ட்டு அப்போது கிடையாது. தந்திச் செய்தி பரவாத காலம். ஸ்பானிய நடனம் என்றால் ஐரோப்பிய நகரங்களுக்குப் பெரும் மோகம். ஆனால் உண்மையான ஸ்பானியரைப் பார்த்தவர்கள் குறைவு.

1843 ஜூன் 3-ந் தேதி லண்டனில் ராணியின் நாடக அரங்கில் டோனா லோலா மோன்டெஸ் மேடை ஏறினாள். கைதட்டல் எழுந்தது. ஆனால் அவளை அடையாளம் கண்டுகொண்டவர்களும் அரங்கில் இருந்தார்கள். சிம்லாவிலும் லண்டனிலும் பார்த்த திருமதி ஜேம்ஸ் அல்லவா இவள் என்ற பேச்சு பரவியது.

லோலா அசரவில்லை. தான் செவில் நகரத்துப் பெண் என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினாள். என்றாலும் லண்டனில் வாய்ப்புகள் அடைபட்டன. அவள் ஐரோப்பாவுக்குப் போய்விட்டாள். பெர்லின், வார்சா என்று நகரம் நகரமாக ஆடினாள். இசை மேதை லிஸ்ட் அவளுடைய காதலரானார். பிறகு பாரீஸ்.

பாரீசில் ஒரு காதல் அவளுக்கு உண்மையாகவே கிடைத்தது என்று சொல்ல வேண்டும். டுஜாரியே என்ற பத்திரிகை அதிபர் அவளை நேசித்தார். ஆனால் ஒரு விருந்தில் ஏற்பட்ட தகராறு துப்பாக்கிச் சண்டையில் முடிந்தது. 1845 மார்ச் 11-ந் தேதி டுஜாரியே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடகக் கம்பெனி ஒன்றில் தனக்கு இருந்த பங்குகளை லோலாவுக்கு எழுதி வைத்திருந்தார்.

மன்னர் விழுந்தார்

1846 அக்டோபரில் லோலா மூனிச் வந்தாள். அரச நாடக அரங்கில் ஆட அனுமதி கேட்டு மன்னரைச் சந்தித்தாள். அந்த ஒரு சந்திப்பு போதுமானதாக இருந்தது.

மன்னர் ஸ்பானிய இலக்கியத்தில் ஆசை கொண்டவர். அந்த மொழியைக் கற்றவர். லோலாவுக்கு அவர் ஸ்பானிய மொழியிலேயே கடிதம் எழுதினார். அவளும் அதே மொழியில் பதில் எழுதினாள். இருவருக்கும் அது தாய்மொழி அல்ல. அவள் எழுத்தில் பிழைகள் மலிந்து கிடந்தன. ஆனால் காதலருக்குப் பிழை தெரியவில்லை.

ஆண்டுக்கு 10 ஆயிரம் புளோரின் உதவித்தொகை. நகரின் நடுவே அழகிய மாளிகை. அழகிகளின் படங்களைச் சேர்த்து மன்னர் ஒரு கூடம் வைத்திருந்தார். ஓவியர் ஸ்டீலர் வரைந்த லோலாவின் படமும் அங்கே இடம் பெற்றது. அரண்மனை வேலைக்கு ஒரு காசு செலவழிக்க யோசிக்கும் மன்னர், அவளுக்காகக் கஜானாவைத் திறந்துவிட்டார்.

லோலாவுக்கு அது போதவில்லை. பட்டம் வேண்டும் என்றாள். பட்டம் பெற வேண்டுமானால் முதலில் பவேரியாவின் பிரஜை ஆக வேண்டும். மந்திரிகள் மறுத்தார்கள். எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். அந்த மனு பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. கோபம் கொண்ட மன்னர் 1847-ல் மந்திரிகளை வீட்டுக்கு அனுப்பினார். மந்திரிகளுக்குப் பரிந்து பேசிய பேராசிரியரும் வேலை இழந்தார். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

1847 ஆகஸ்டு 25. மன்னரின் பிறந்த நாள். அன்று லோலா லாண்ட்ஸ்பெல்டு கோமாட்டி ஆனாள். அயர்லாந்தில் பிறந்து, கங்கைக் கரையில் தந்தையை இழந்த எலிசா, 26 வயதில் ஒரு ராஜ்யத்தின் பிரபு வர்க்கத்தில் இடம் பிடித்தாள்.

ஊர் கொதித்தது

லோலாவின் கைச்சாட்டையும் வாய்த்துடுக்கும் ஊர் முழுவதும் பிரசித்தம். போலீசாரையும் அடிப்பாள், கடைக்காரர்களையும் அடிப்பாள். கையில் சுருட்டு, கூடவே ஒரு நாய். தனக்குக் காவலாக ஒரு மாணவர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டாள். மற்ற மாணவர்கள் அவர்களைக் கண்டால் காறித் துப்பினார்கள்.

அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்து, ரொட்டி விலை ஏறியிருந்தது. பத்திரிகைத் தணிக்கையாலும், மக்கள் சபைக்கு அதிகாரம் இல்லாததாலும் படித்தவர்கள் மனம் புழுங்கினார்கள். வயிற்றுப் பசியும் அரசியல் கோபமும் சேர்ந்து லோலா மீது திரும்பின.

1848 பிப்ரவரியில் மோதல் முற்றியது. மன்னர் பல்கலைக்கழகத்தை இழுத்து மூடினார். வெளியூர் மாணவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டார். மாணவர்கள் போனால் அவர்களை நம்பிப் பிழைத்த வீட்டுக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பிழைப்பு ஏது? நகரமே எழுந்தது. மன்னர் பணிந்தார்.

பிப்ரவரி 11-ந் தேதி லோலாவின் மாளிகையைக் கூட்டம் சூழ்ந்தது. அவளை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். மன்னரே அங்கே வந்து, கலைந்து போகும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். மார்ச் மாதத்தில் ஒரு நாள் இரவு, லோலா ஆண் வேடம் பூண்டு மூனிச்சுக்குள் புகுந்து மன்னரைச் சந்தித்துவிட்டுப் போனாள். அந்தச் செய்தி நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

பாரீசில் மூண்ட புரட்சி ஜெர்மன் நாடுகளுக்கும் பரவிவிட்ட நேரம் அது. மக்கள் கேட்ட சீர்திருத்தங்களை மன்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் அப்படிக் கைகட்டி ஆள அவருக்கு மனம் இல்லை. மார்ச் 20-ந் தேதி மகனிடம் மகுடத்தைக் கொடுத்துவிட்டு விலகினார்.

வெளுத்தது சாயம்

லோலா சுவிட்சர்லாந்தில் காத்திருந்தாள். அங்கே போய் அவளோடு சேர்ந்து வாழ மன்னர் திட்டமிட்டார். அரச குடும்பத்தார் தடுத்துவிட்டார்கள். பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அங்கே லோலாவுக்கு ஒரு ஜோடி வந்து சேர்ந்தான். பெயர் பப்பான். பிரபு என்று சொல்லிக்கொண்டவன். அவனும் அவளைப் போலவே பொய்ப் பெயரில் திரிந்த ஆள். அவளிடம் இருந்த மன்னரின் கடிதங்கள் சில அவன் கைக்குப் போயின. அவற்றை வைத்து மன்னரிடம் பணம் பறிக்கப் பார்த்தான். ஏமாற்றியவள் ஏமாந்தாள்.

1849 ஜூலையில் லண்டனில் ஹீல்டு என்ற 21 வயதுப் பணக்கார வாலிபனை லோலா திருமணம் செய்துகொண்டாள். அவனுடைய அத்தை ஆட்களை வைத்து விசாரித்தாள். தாமஸ் ஜேம்ஸ் இந்தியாவில் உயிரோடு இருப்பது தெரிந்தது. 1842-ம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக் காட்டினார்கள். முதல் கணவன் இருக்க இன்னொருவனை மணந்த குற்றத்துக்காக ஆகஸ்டு மாதம் லோலா கைது செய்யப்பட்டாள். ஜாமீனில் வந்ததும் புதுக் கணவனோடு நாட்டைவிட்டு ஓடினாள்.

ஸ்பானியச் சீமாட்டியின் உண்மைக் கதை ஐரோப்பா முழுவதும் பத்திரிகைகளில் வந்தது. ஹீல்டும் சீக்கிரம் பிரிந்து போனான். லுட்விக்கிடமிருந்து வந்த பணமும் நின்றது.

கடல் கடந்த கடைசிக் காலம்

1851-ம் ஆண்டு இறுதியில் அமெரிக்கா போனாள். நியூயார்க்கில் தன் பவேரியா கதையையே நாடகமாக்கித் தானே லோலாவாக நடித்தாள். கலிபோர்னியாவில் தங்கம் தோண்டியவர்களுக்காக ஆடினாள். உடை மீது ஏறிய சிலந்திகளை உதறித் தள்ளுவது போன்ற நடனம் அவளுக்குப் பேரும் பணமும் தந்தது. அங்கே இன்னொரு திருமணமும் செய்தாள். அதுவும் முறிந்தது.

1855-ல் ஆஸ்திரேலியா. பாலரட் நகரில் தன்னைத் தாக்கி எழுதிய பத்திரிகை ஆசிரியர் சீகாம்பை 1856-ல் சாட்டையால் அடித்தாள். திரும்பி வரும் வழியில், உடன் வந்த நடிகனான காதலன் கப்பலிலிருந்து கடலில் விழுந்து மறைந்தான். அந்த மரணம் அவளை மாற்றியது. நகைகளை ஏலத்தில் விற்றாள். அந்தப் பணம் அவனுடைய குழந்தைகளுக்கு என்றாள்.

அதன் பிறகு ஆட்டத்தைக் குறைத்துச் சொற்பொழிவுகள் செய்தாள். அழகு பற்றியும் பெண்கள் பற்றியும் பேசினாள். 1858-ல் புத்தகமாக வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் அயர்லாந்தில் பிறந்ததை ஒப்புக்கொண்டாள். ஆனால் வயதை மறைத்தாள்.

1860-ல் பக்கவாதம் தாக்கியது. ஓரளவு தேறியதும், வழிதவறிய பெண்களுக்கான காப்பகத்துக்குப் போய் அவர்களுக்கு ஆறுதல் சொன்னாள். அந்தக் குளிர்காலத்தில் நிமோனியா கண்டது. 1861 ஜனவரி 17-ந் தேதி நியூயார்க்கில் இறந்தாள். 40 வயது நிரம்ப ஒரு மாதம் இருந்தது.

மகுடம் இழந்த லுட்விக் 1868-ல் காலமானார். அவருடைய அழகிகள் கூடத்தின் படங்கள் மூனிச்சில் உள்ள நிம்பன்பர்க் அரண்மனையில் இன்றும் இருக்கின்றன. கறுப்பு உடையும் கூந்தலில் சிவப்புப் பூவுமாக லோலா மோன்டெஸ் அங்கே சுவரில் இருக்கிறாள்.

நியூயார்க்கின் புரூக்ளின் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு வைத்த கல்லில் லோலா என்ற பெயர் பொறிக்கப்படவில்லை. கோமாட்டிப் பட்டமும் இல்லை. தானாப்பூரில் இறந்த தந்தையின் பெயரோடு, திருமதி எலிசா கில்பர்ட் என்று மட்டும் பொறித்தார்கள். வயது 42 என்று போட்டார்கள். அது தவறு.