மானிப்பாயில் ஒரு வைத்தியர்: சாமுவேல் கிறீன்

அரசாங்க வைத்தியசாலையில் கொடுத்த குளிசையும், தனியாரிடம் சனல் பண்ணி வாங்கிய குளிசையும் ஒரே மருந்துதான் என்று பாமசியில் நின்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெயர் மட்டும் வேறு. அம்மா மூன்று வாரமாக இரண்டையும் விழுங்கியிருந்தார். ஓரிடத்துக் கொப்பியை மற்ற இடம் பார்க்கவில்லை. இரண்டிலும் ஆங்கிலக் கிறுக்கல். அம்மாவால் வாசிக்க முடியாது.

அன்று எனக்கு நினைவு வந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். மதம் பரப்புவதும் அவரது நோக்கம். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் ஓர் ஊரில் இருக்கும் ஒரு வைத்தியரால் குடாநாடு முழுவதையும் பார்க்க முடியாது. அதனால் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார்.

ஆங்கிலத்தில் படித்தவர்கள் பலர் அரச உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. விடுமுறையில் போய் 1862இல் திரும்பி வந்தவர், 1864இல் வைத்தியக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ்க் கிராமத்திலேயே தங்குவார் என்பது அவர் கணக்கு.

அதற்கு நூல்கள் வேண்டும், கலைச்சொற்கள் வேண்டும். மாணவர்களின் துணையோடு உடலமைப்பு, பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை என்று ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல். கலைச்சொல் தொகுதிகளும் தொகுத்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அதே பொருளில் வாசிக்க அந்தச் சொற்கள் வழி செய்தன.

1873இல் நாடு திரும்பியபோது 60இற்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கியிருந்தார். ஏறத்தாழ அரைவாசிப்பேர் தமிழில் படித்தவர்கள். 1884இல் காலமானார். தமிழர்களுக்காக உழைத்தவர் என்பதைத் தன் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்வழி வைத்தியக் கல்விதான் அவருக்குப் பின் நிலைக்கவில்லை.

இரண்டு கொப்பிகளையும் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு குளிசையை நிறுத்தினார். வீட்டுக்கு வந்ததும் புதுக் கொப்பி ஒன்றில் மருந்தின் பொதுப்பெயர், அளவு, எதற்கு, யார் தந்தது என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். இப்போது எந்த வைத்தியரிடம் போனாலும் அம்மா அதைத்தான் முதலில் நீட்டுகிறார். நோயாளிக்கே விளங்காத குறிப்பு, எத்தனை வைத்தியசாலைகள் இருந்தும் அவற்றை ஒன்றோடொன்று இணைக்காது.