டாக்டர் காடர்டும் இரட்டை நுண்ணோக்கியும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க சார் என்று குழுத் தம்பிகள் கேட்டார்கள். விடுதிச் சாப்பாடு, ஆண்டு விழா நாடகம் பற்றியெல்லாம் எழுத நம்ம நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இயற்பியல் படித்துவிட்டுத் தடய அறிவியல் பக்கம் ஒதுங்கியவன் நான். துப்பாக்கிப் பிரிவில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே வேலைக்காலம் ஓடிப்போயிற்று. எங்கள் தொழிலுக்குப் பாட்டனார் முறையாகிற கால்வின் காடர்டைப் பற்றிச் சொல்கிறேன்.

1891-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1915-ல் டாக்டர் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். துப்பாக்கி மேல் தனி மோகம். அதுதான் பிற்பாடு தொழிலாகவே ஆயிற்று.

அவர் படிப்பை முடித்த அதே 1915-ல் நியூயார்க் மாநிலக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயியும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எதிர்வீட்டில் குடியிருந்த சார்லஸ் ஸ்டீலோ என்ற பண்ணைக் கூலியைப் பிடித்தார்கள். பாவம், எழுத்தறிவு அதிகம் இல்லாத ஆள். ஆல்பர்ட் ஹாமில்டன் என்பவர் நிபுணர் என்று கூண்டேறி, குண்டில் உள்ள கீறல்கள் ஸ்டீலோவின் துப்பாக்கியால்தான் விழுந்தவை என்று அடித்துச் சொன்னார். மருந்து விற்றுக்கொண்டிருந்த மனிதர் அவர். டாக்டர் என்ற பட்டமும் தானே சூட்டிக்கொண்டது. மரண தண்டனை விதித்துவிட்டார்கள். மின்சார நாற்காலிக்கு மிக அருகில் போய்த் தப்பினார் ஸ்டீலோ. மறுவிசாரணையில் அந்தத் துப்பாக்கியால் சுட்டுப்பார்த்து, கண்ணாடி நிபுணர் ஒருவரிடம் நுண்ணோக்கியில் காட்டினார்கள். கொலைக் குண்டின் வரித்தடம் அதற்குப் பொருந்தவே இல்லை! 1918-ல் விடுதலை.

அந்த விசாரணையில் உதவியாளராக இருந்த சார்லஸ் வெய்ட்டுக்கு இது மனதை உறுத்தியது. நிபுணர் என்று சொல்லிக்கொள்ள என்ன தகுதி வேண்டும், எதை வைத்து அவர் சொல்வதைச் சரிபார்ப்பது? ஒன்றுக்கும் விடை இல்லை. அமெரிக்கா, ஐரோப்பா என்று ஆலை ஆலையாக ஏறி இறங்கி, எந்தத் துப்பாக்கிக் குழலில் எத்தனை வரிப்பள்ளம், வலம்புரியா இடம்புரியா, அகலம் எவ்வளவு என்று குறிப்பெடுத்தார். 1925-ல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய ஆய்வகத்தில் காடர்டும் சேர்ந்தார். கூட்டாளி கிராவெல் இரண்டு நுண்ணோக்கிகளை ஒரு கண்வில்லைக்கு இணைத்தார். இடப்பாதியில் கொலைக் குண்டு, வலப்பாதியில் சோதனைக் குண்டு. குழலைக் கடைந்த கருவி விட்ட நுண்ணிய கோடுகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தொடர்கிறதா என்று ஒரே பார்வையில் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்க வேண்டும். நினைவை நம்பி ஒருத்தன் கழுத்துக்குக் கயிறு போடுவதா?

1926-ல் வெய்ட் இறந்தபின் பாரம் காடர்டின் தலையில் விழுந்தது. சாக்கோ, வான்செட்டி வழக்கில் நம்ம ஹாமில்டன் மறுபடி வந்தார். நீதிபதி முன்னால் சாக்கோவின் துப்பாக்கியையும் புதிய துப்பாக்கிகளையும் கழற்றி மாட்டினார். குழல் மாறிப்போயிருந்தது பிறகு தெரியவந்தது. 1927-ல் காடர்ட் ஆராய்ந்து, ஒரு குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்து வந்ததே என்றார். அந்த வழக்கின் நியாய அநியாயம் பற்றி இன்றும் சண்டை உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது 1929 சிகாகோ வழக்கு. பிப்ரவரி 14 அன்று ஒரு கிடங்கில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்களில் சிலர் போலீஸ் சீருடையில் இருந்ததால் போலீஸ் மேலேயே சந்தேகம். சுமார் 70 காலித் தோட்டாக்கள் கிடந்தன. காடர்ட் போலீஸின் தாம்சன் துப்பாக்கிகளைச் சுட்டுப்பார்த்து, இவற்றில் ஒன்றும் இல்லை என்று முதலில் விலக்கினார். பொருத்திக் காட்டுவதைவிட விலக்கிக் காட்டுவதற்கு நிதானம் அதிகம் வேணும், தம்பிகளே. டிசம்பரில் மிச்சிகனில் ஃபிரெட் பர்க் என்பவன் வீட்டில் இரண்டு தாம்சன்கள் சிக்கின. அவைதான் என்று கண்டார்.

அந்த வழக்கின் பயனாக நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் குற்ற ஆய்வகம் வந்தது, காடர்ட் இயக்குநர். 1938-ல் அதைச் சிகாகோ போலீஸ் வாங்கிக்கொண்டது. 1955-ல் காடர்ட் காலமானார்.

ஆனால் தொழிலுக்கென்று எழுதிவைத்த பொது விதி அவர் காலத்தில் அமையவில்லை. 1969-ல்தான் அதே சிகாகோவில் துப்பாக்கி, கருவித்தட ஆய்வாளர்கள் கூடிச் சங்கம் கண்டார்கள். எப்போது இரண்டு தடம் ஒன்று எனலாம் என்ற கோட்பாட்டை 1992-ல் எழுத்தில் கொண்டுவந்தார்கள். போதுமான ஒற்றுமை இருக்க வேண்டும் என்கிறது அது. எவ்வளவு போதும் என்று திட்டமாகச் சொல்லவில்லையே என 2009-ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு அறிக்கை குட்டு வைத்தது. எங்க ஆட்கள் சிலருக்குக் கோபம். எனக்கென்னவோ அந்தக் குட்டு நியாயமாகவே படுகிறது. கண்ணால் பார்த்துச் சொல்லும் முடிவில் எத்தனைக்கு எத்தனை தவறும் என்று அளந்து பார்க்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கணக்கும் இயற்பியலும் தெரிந்த பிள்ளைகளுக்கு அங்கே நிறைய இடம் இருக்கிறது.