பேட்ரிக் கெடெஸ்

சர் பேட்ரிக் கெடெஸ் (அக்டோபர் 2, 1854 - ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் சமூகவியலாளரும் நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட நகரங்களைப் பற்றி இவர் அளித்த அறிக்கைகள் தமிழக நகரமைப்பு வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை.

இளமையும் கல்வியும்

பாலட்டர் என்னும் ஊரில் பிறந்த இவர், இலண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1879 இல் மெக்சிகோவில் ஆய்வு செய்தபோது தற்காலிகமாகப் பார்வையை இழந்தார். இதன் பின்னர் நுண்ணோக்கி ஆய்வைத் தொடர இயலாமல் சமூகவியலில் நாட்டம் கொண்டார். 1888 முதல் 1919 வரை டண்டீயில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார்.

கொள்கைகள்

மலை முதல் கடல் வரையிலான ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே அலகாகக் கருதியே குடியிருப்புகளைத் திட்டமிட வேண்டும் என்பது இவரது அடிப்படைக் கொள்கையாகும். ஊர்கள் பரவி, இடையிலுள்ள வயல்வெளிகளை விழுங்கி ஒன்றாகிவிடுவதை 1915 இல் வெளியான தமது நூலில் விளக்கினார். திட்டம் தீட்டுமுன் நிலத்தையும் மக்களையும் கள ஆய்வு செய்வது கட்டாயம் என்றும் வலியுறுத்தினார்.

தமிழகத்தில்

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914 இல் இந்தியா வந்தார். இவரது நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. எனினும் புதிய பொருட்களைத் திரட்டி 1915 இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேரான தெருக்களை அமைக்கும் திட்டம் அப்போது இருந்தது. வீடிழப்போர் வேறிடங்களில் நெருக்கமாகக் குடியேற நேரிடும் என்பதால் கெடெஸ் இதனை ஏற்கவில்லை. பாழடைந்த கட்டடங்களை மட்டும் அகற்றி, வெற்றிடங்களை இணைத்து மரம் நடும் முறையைப் பரிந்துரைத்தார். இதற்கு ஆகும் செலவும் குறைவு. குளங்களைத் தூர்ப்பதையும் இவர் எதிர்த்தார்.

பிற்காலம்

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். 1925 இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932 இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பிரான்சின் மோன்பெலியே நகரில் காலமானார்.

தாக்கம்

1920 இல் இயற்றப்பட்ட சென்னை நகரத் திட்டச் சட்டம், குடியிருப்புகளுக்கான திட்டங்களை வகுக்கும் பொறுப்பை நகராட்சி மன்றங்களுக்கு அளித்தது. அதே காவிரிப் படுகையில் அமைந்த காரைக்கால், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் இச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை. இன்று காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஆகவே தமிழ்நாடு அரசு 2020 இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் அதற்குப் பொருந்தாது. ஒரே ஆற்றின் வயல்கள் நிர்வாக எல்லைகளால் பிரிக்கப்பட்டுள்ள இத்தகைய இடங்களில், ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாக நோக்கும் கெடெஸின் கொள்கை இன்றும் பொருத்தமுடையதாக உள்ளது.