ரஷ்யாவுக்குப் பக்கத்திலேயே பின்லாந்து பிழைத்தது எப்படி? யார் இந்த பாசிகிவி?

1917 வரை பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. விடுதலை கிடைத்தது சரி, பழைய எஜமான் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார்? அவரோடு பேசும் வேலை திரும்பத் திரும்ப யூஹோ குஸ்தி பாசிகிவியிடமே வந்தது. வங்கி நடத்தியவர், ரஷ்ய மொழி தெரிந்தவர். 1920-ல் தார்த்து நகரில் சமாதான ஒப்பந்தம் பேசி முடித்தார்.

1939-ல் லெனின்கிராடு பாதுகாப்புக்கு என்று ஸ்டாலின் நிலம் கேட்டார். கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது பாசிகிவியின் கணக்கு. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. போர் வந்தது, கேட்டதைவிட அதிக நிலம் போனது.

1946-ல் குடியரசுத் தலைவரானார். 1948-ல் சோவியத்துடன் ஒப்பந்தம் போட்டார், ஆனால் சொந்த மண்ணைக் காப்பதைத் தாண்டி எந்தப் போருக்கும் வாக்கு கொடுக்கவில்லை. நேட்டோ பக்கமும் போகவில்லை. ஹெல்சிங்கி அருகே 50 ஆண்டு குத்தகைக்குப் போன போர்க்கலா ராணுவத் தளம், 1956 ஜனவரியிலேயே திரும்பியது. அந்த டிசம்பரில் 86 வயதில் அவர் இறந்தார்.