பழி சுமந்த அறிஞர் ஹாஃப்கின்

ஓர் ஊரில் ஒரே சமயத்தில் பலர் நோயுற்றால் கொள்ளைநோய் வந்துவிட்டது என்கிறோம். ஆனால், காற்றாலும் நீராலும் பரவாமல், ஒரே ஒரு மருந்துக் குப்பியிலிருந்து பலர் உடலில் நோய் புகுந்துவிடுவதும் உண்டு. அத்தகைய பொய்க் கொள்ளைநோய் ஒன்றிற்காகப் பழி சுமந்தவர்தான் வால்டிமர் ஹாஃப்கின் என்னும் பேரறிஞர்.

கருங்கடற்கரையிலுள்ள ஒடெசா நகரில் 1860ஆம் ஆண்டு யூதக் குடும்பம் ஒன்றில் இவர் பிறந்தார். மெச்னிகாப் என்னும் விஞ்ஞானியிடம் உயிரியல் பயின்றார். பின்னர் பாரீசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். அங்கு முதலில் கிடைத்ததோ நூலகப் பணிதான்! ஓய்வு நேரமெல்லாம் ஆராய்ச்சி செய்து காலரா தடுப்பு மருந்தைக் கண்டறிந்தார். 1892 ஜூலை 18ஆம் நாள் அதைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார்.

1893இல் கல்கத்தா வந்தார். எங்கள் சோழவரம் ஏரி நீர் இன்று சுத்திகரிக்கப்பட்டுச் சென்னை மக்களுக்குச் செல்கிறது. அன்றைய கல்கத்தாச் சேரிகளிலோ குளத்து நீரே குடிநீர். அக்குளங்களே காலராவின் பிறப்பிடம். அச்சேரிகளில் அலைந்து திரிந்து மக்களுக்கு அவர் ஊசி போட்டார். 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் சூறையாடியது. மூன்றே மாதங்களில் அதற்கும் மருந்து கண்டு, 1897 ஜனவரி 10ஆம் நாள் மீண்டும் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார்.

இவ்வாறு புகழின் உச்சியில் இருந்தபோது இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள முல்கோவால் என்னும் பஞ்சாப் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. சில நாட்களில் 19 பேருக்கு ரணஜன்னி கண்டது. அனைவரும் மாண்டனர். அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஊசி போட்டது 53 என்னும் எண்ணிட்ட ஒரே குப்பியிலிருந்து! மற்றவர்களுக்கு எதுவும் நேரவில்லை.

விசாரணைக் குழு அமைந்தது. பம்பாய் ஆராய்ச்சிக் கூடத்திலேயே குப்பி மாசுபட்டது என அது முடிவு கூறியது. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய முறையை ஹாஃப்கின் கைவிட்டு, வெப்பத்தால் தூய்மை செய்யும் முறையைக் கையாண்டதும் குற்றமாகக் காட்டப்பட்டது. அவர் பதவியிலிருந்து விலக்கப்பட்டு, நாட்டைவிட்டே செல்ல நேர்ந்தது.

உண்மை என்ன? குப்பியைத் திறக்குமுன் உதவியாளரின் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அதைத் தீயில் காட்டித் தூய்மை செய்யாமல் குப்பியைத் திறக்கப் பயன்படுத்தினர். ரணஜன்னிக் கிருமி வாழுமிடமே மண்தானே! மேலும், கூடத்தில் நிரப்பி 41 நாட்கள் ஆன மருந்து அது. அன்றே கிருமி புகுந்திருந்தால், அத்தனை நாளில் அது பெருகிக் குப்பியில் துர்நாற்றம் வீசியிருக்கும். திறந்த மருத்துவர் அத்தகைய நாற்றம் எதையும் உணரவில்லை. மலேரியா பரவும் வழியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் இவற்றை எடுத்துக்காட்டி வாதாடினர். 1907இல்தான் பழி நீங்கியது.

ஹாஃப்கின் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்தார். எனினும், இழந்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை. 1925இல் பம்பாய் ஆராய்ச்சி நிலையத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் பரிசோதனைக் கூடங்களில் இடுக்கி பிடிக்கப்போகிறவர்கள். நம் குடும்பங்களில் முதன்முதலாக அக்கூடங்களுக்குள் நுழைபவர்கள். அங்கு தவறு நேர்ந்தால் பழி எவர் தலையிலும் விழலாம். ஹாஃப்கினைக் காத்தது அவர் புகழன்று. குப்பியின் எண், நிரப்பிய நாள், திறந்தபோது கண்ட நிலை ஆகிய சிறு சிறு குறிப்புகளே. ஆகவே, கண்டதைக் கண்டபடி அன்றே எழுதி வைப்போம். மண்ணில் விழுந்த இடுக்கியைத் தீயில் காட்டாமல் தொடமாட்டோம் என உறுதி கொள்வோம். அந்தப் பத்தொன்பது உயிர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.