சி. ஆர். நாராயண ராவ்

சி. ஆர். நாராயண ராவ் (ஆகஸ்ட் 15, 1882 – ஜனவரி 2, 1960) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் பிறந்த இந்திய விலங்கியலாளர் ஆவார். தென்னிந்தியத் தவளைகளையும் அவற்றின் தலைப்பிரட்டைகளையும் முறையாக ஆராய்ந்த முதல் இந்தியர்களுள் ஒருவர். பெங்களூர் மத்தியக் கல்லூரியின் விலங்கியல் துறையை நிறுவியவரும் 'கரண்ட் சயின்ஸ்' அறிவியல் இதழின் முதல் ஆசிரியரும் இவரே.

வாழ்க்கை

பெல்லாரியில் கல்வி கற்ற ராவ், பின்னர் சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து விலங்கியலில் பட்டம் பெற்றார். அங்கு அவருக்குப் பேராசிரியராக இருந்தவர் ஜே. ஆர். ஹெண்டர்சன். நண்டு, இறால் முதலிய ஓட்டுடலிகளை ஆராய்ந்த இவர், பிற்காலத்தில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகவும் பணியாற்றினார். ராவ் ஆசிரியப் பயிற்சி பெற்றுக் கோயம்புத்தூரிலும் எர்ணாகுளத்திலும் சிறிது காலம் கற்பித்தபின் பெங்களூர் சென்றார். 1937-இல் ஓய்வு பெறும் வரை மத்தியக் கல்லூரியே அவரது களமாக இருந்தது. தவளைகளின் மண்டையோட்டு அமைப்பை ஆராய்ந்து பெயர் பெற்ற எல். எஸ். ராமசாமி அத்துறையில் இருந்து வந்தவர்.

தலைப்பிரட்டை ஆய்வுகள்

வளர்ந்த தவளையை அதன் தோல், விரல் நுனி, கால் சவ்வு ஆகியவற்றைக் கொண்டு இனங்காணலாம். தலைப்பிரட்டையில் இவற்றில் எதுவும் இல்லை. ஒரே குட்டையில் நான்கைந்து இனங்களின் தலைப்பிரட்டைகள் கலந்து நீந்தும்போது அவை அனைத்தும் வாலுள்ள கரும்புள்ளிகளாகவே தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தவளைகள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் இருந்தது. ஆனால் அவற்றின் இளம்பருவம் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் எழுதப்படாமலே இருந்தது.

இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தை 1916-இல் தோற்றுவித்து அதன் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேல் (1876–1924) இக்குறையைப் போக்க முற்பட்டார். ராவ் அவருடன் இணைந்தார். இந்தியச் சமவெளிகளில் காணப்படும் ரானிடே, பஃபோனிடே குடும்பங்களின் தலைப்பிரட்டைகள் பற்றி இருவரும் எழுதிய கட்டுரை 1918-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்வேட்டில் வெளியானது. அக்காலத்தில் மரத்தவளைகளும் ரானிடே குடும்பத்திலேயே வைக்கப்பட்டிருந்தன. அதே தொகுதியில் குறுவாய்த் தவளைகளின் தலைப்பிரட்டைகள் பற்றி ராவ் தனியாகவும் எழுதினார்.

இவ்வகை ஆய்வில் முதலில் பார்க்கப்படுவது வாய். பெரும்பாலான தலைப்பிரட்டைகளின் வாயில் கொம்புப்பொருளாலான அலகும், அதன் மேலும் கீழும் நுண்ணிய பல்வரிசைகளும் இருக்கும். வரிசைகளின் எண்ணிக்கை, அவற்றில் எவை நடுவில் பிரிந்துள்ளன, உதட்டோரத்துச் சிறு முகிழ்கள் எங்கே விடுபட்டுள்ளன என்பவை இனத்துக்கு இனம் வேறுபடும். குறுவாய்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளுக்கோ அலகும் இல்லை, பல்லும் இல்லை. அவை நீரில் மிதக்கும் நுண்துகள்களை வடிகட்டி உண்பவை. அடுத்து வருவது செவுள் வழியாகச் சென்ற நீரை வெளியேற்றும் மூச்சுத்துளை. தவளை, தேரை, மரத்தவளை ஆகியவற்றில் இது உடலின் இடப்பக்கத்திலும், குறுவாய்த் தவளைகளில் வயிற்றின் நடுக்கோட்டிலும் அமையும். கண்களின் இடம், வால் துடுப்பின் உயரம், வால் நுனியின் வடிவம் ஆகியவை பிறகு பார்க்கப்படும். இவை பயனளிக்காதபோது, தலைப்பிரட்டையைக் கால் முளைத்து வால் சுருங்கும் வரை வளர்த்துப் பார்ப்பதே அன்று ஐயமற்ற வழியாக இருந்தது. 

சேர்வராயன் மலையில் ஓர் எடுத்துக்காட்டு

ராவ் ஆராய்ந்த பண்புகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதைச் சேலம் மாவட்டம் ஏற்காட்டிலேயே காணலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு உள்ளது. இங்கு வாழும் தவளைகளுள் ஒன்று பாலிபெடேட்டஸ் மாகுலேட்டஸ் என்னும் மரத்தவளை. ஜான் எட்வர்ட் கிரே 1830-இல் விவரித்த இவ்வினம் வீடுகளின் குளியலறைச் சுவர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலேயர் இதற்குச் 'சுனம் தவளை' என்று பெயரிட்டனர். சுனம் என்பது நம் சுண்ணாம்பே.

மழைக்காலத்தில் இது நீருக்கு மேலே தொங்கும் இலைகளிலோ தொட்டிகளின் விளிம்பிலோ நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நுரை கரைந்ததும் நீரில் விழும். இத்தலைப்பிரட்டையின் மூக்கு நுனியில் ஒரு வெண்ணிறப் புள்ளி இருக்கும். கண்கள் தலையின் இரு ஓரங்களில் அமைந்திருப்பதால் அடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். உயர்ந்த வால் துடுப்பு மெல்லிய நுனியில் முடியும். அதே நீரில் காணப்படக்கூடிய தேரையின் தலைப்பிரட்டையோ சிறியது, கரியது, கூட்டமாகத் திரிவது. அதன் கண்கள் முதுகுப்புறம் நோக்கியவை. இவை இரண்டையும் பிரித்தறிய உருப்பெருக்கி கூடத் தேவையில்லை. தவளை இனங்களுக்குள் வேறுபாடு காணும்போதுதான் பல்வரிசை எண்ண வேண்டியிருக்கும்.

புதிய இனங்களும் தொலைந்த மாதிரிகளும்

1920-இல் குடகின் பிரம்மகிரி மலையிலிருந்து நிக்டிபட்ராக்கஸ் சாங்டிபாலுஸ்ட்ரிஸ் என்னும் தவளையை ராவ் விவரித்தார். 1925-இல் ராமண்ணாவுடன் சேர்ந்து ராமனெல்லா என்ற பேரினத்தை நிறுவினார். அது இன்று யூப்பெரோடான் பேரினத்துள் அடக்கப்படுகிறது. ஓய்வு பெற்ற 1937-ஆம் ஆண்டில் வெளியான நீண்ட கட்டுரையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல தவளைகளுக்குப் புதிய பெயர் சூட்டினார்.

இக்கட்டுரையே பின்வந்தோருக்குப் பெரும் இடர்ப்பாடாயிற்று. ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது அதற்குச் சான்றாக வைக்கப்படும் உடல் 'வகைமாதிரி' எனப்படும். ராவின் வகைமாதிரிகள் மத்தியக் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்து பின்னர் தொலைந்துபோயின. எஞ்சியவை சொற்களும் படங்களுமே. எனவே அவர் குறித்த தவளை எது என்பது பல பெயர்களில் நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. ராவ் மரத்தவளைகளின் ஃபிலாட்டஸ் பேரினத்தில் வைத்த சில இனங்கள் உண்மையில் ஓடைக்கரையில் வாழும் மைக்ரிக்சாலஸ் தவளைகள் என்பதும் பிற்காலத்திலேயே தெளிவாயிற்று. இது கவனக்குறைவு என்று சொல்வது நேர்மையாகாது; ஒப்பிடுவதற்குரிய பழைய மாதிரிகளுள் பல இலண்டனில் இருந்தன. அவர் கூறிய இடங்களுக்கே மீண்டும் சென்று தேடிய ஆய்வாளர்கள் 2011, 2014 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளால் பிரம்மகிரித் தவளை உட்பட அவர் சூட்டிய சில பெயர்கள் மீண்டும் உறுதி பெற்றன. ஏனையவை சில இன்றும் ஐயத்திற்குரியவையாகவே உள்ளன.

கரண்ட் சயின்ஸ்

இந்திய அறிவியலாளர் தம் முடிவுகளை விரைந்து வெளியிட உள்நாட்டில் ஓர் இதழ் வேண்டும் என்ற எண்ணத்தில், 1932 ஜூலையில் பெங்களூரிலிருந்து 'கரண்ட் சயின்ஸ்' தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆசிரியரான ராவ், கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அப்பணியைத் தொடர்ந்தார்.

நினைவு

2010-இல் எஸ். டி. பிஜுவும் பிறரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த ஆனைமுடியிலிருந்து ஒரு புதிய தவளையை விவரித்தபோது, சிறிய மரத்தவளைகளுக்கென ஒரு பேரினத்தை நிறுவி, ராவின் நினைவாக ராவ்ஆர்க்கெஸ்டஸ் என்று பெயரிட்டனர். அக்கட்டுரை வெளிவந்த இதழ் கரண்ட் சயின்ஸ். இப்பேரினத்துத் தவளைகளுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சி பெற்றுச் சிறு தவளைகளாக வெளிவருகின்றன.