மிச்சியோ சுஜிமுரா அம்மையார்

ஜப்பான் நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தேநீர் பருகி வருகின்றனர். அவர்கள் பெரிதும் விரும்புவது பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர் அன்று. ஏதும் கலவாத பசுந்தேநீரே ஆகும். அஃது உடல்நலம் காப்பது என்று அவர்தம் முன்னோர் நம்பினர். ஈசை என்னும் பௌத்தத் துறவி 1211-ஆம் ஆண்டிலேயே அதன் நலன்களைக் கூறும் நூல் ஒன்றை இயற்றினார். ஆயினும், நலம் தரும் பொருள் அவ்விலையில் யாது என்பதை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். அதனை ஆராய்ந்து காண முற்பட்டவருள் தலைசிறந்தவர் மிச்சியோ சுஜிமுரா அம்மையார்.

அம்மையார் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் சைத்தாமா வட்டாரத்திலுள்ள ஒக்கேகாவா என்னும் ஊரில் பிறந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றபின், தோக்கியோ மகளிர் உயர் ஆசிரியக் கல்லூரியில் சேர்ந்து அறிவியல் பயின்றார். அங்கு அவருக்குக் கற்பித்தவர் கோனோ யாசுயி என்னும் அம்மையார். பின்னாளில் ஜப்பானில் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அத்தகைய ஆசிரியரிடம் பயின்ற மாணவியின் உள்ளத்தில் ஆராய்ச்சி வேட்கை எழுந்ததில் வியப்பில்லை. 1913-இல் படிப்பு முடிந்தது. அதன்பின் ஏழாண்டுகள் பெண்கள் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். எனினும், அவ்வேட்கை தணிந்தபாடில்லை.

1920-இல் அவர் ஆசிரியப் பணியை விடுத்து, வடக்கே ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தை அடைந்தார். அக்காலத்தில் அங்குப் பெண்களை மாணவராகச் சேர்க்கும் வழக்கம் இல்லை. எனவே, ஊதியம் பெறாத உதவியாளராகவே ஆய்வுக்கூடத்துள் நுழைய முடிந்தது. கைவந்த வருவாயை விட்டுக் கூலியில்லா வேலையை மேற்கொள்வது யாவர்க்கும் எளிதோ? அம்மையார் அதற்குத் தயங்கினாரல்லர். பட்டுப்புழுவின் உணவு பற்றி அங்கு ஆராய்ந்தார். 1922-இல் தோக்கியோப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நண்பகலில் தோக்கியோவையும் யோக்கொகாமாவையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மையார் பணிபுரிந்த ஆய்வுக்கூடமும் அழிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் ரிக்கென் எனப்படும் ஆராய்ச்சி நிலையத்தில் உமெத்தாரோ சுசுக்கி என்னும் பேரறிஞரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். அரிசித் தவிட்டிலிருந்து பெரிபெரி நோயைத் தடுக்கும் சத்தை 1910-இல் பிரித்துக் காட்டியவர் இச்சுசுக்கி. நாம் புடைத்து ஒதுக்கும் தவிட்டில் உயிர் காக்கும் பொருளைக் கண்டவரிடம் பயில்வோர், அன்றாடம் பருகும் தேநீரை ஆராயத் தொடங்குதல் இயல்பே அன்றோ!

வைட்டமின் சி குறைந்தால் பல்லீறு வீங்கிக் குருதி கசியும், புண்கள் ஆறா. காயும் கனியுமின்றி நெடுநாள் கடலில் சென்ற மாலுமிகள் பலர் இந்நோயால் மடிந்தனர். 1924-இல் அவ்வைட்டமினை எவரும் தனியே பிரித்தெடுத்திருக்கவில்லை. அவ்வாண்டில் அம்மையாரும் மியூரா என்னும் அறிஞரும் பசுந்தேயிலையில் அச்சத்து உண்டு எனக் கண்டு வெளியிட்டனர். பறித்த கொழுந்தை உடனே ஆவியில் வேக வைத்து உலர்த்துவதால் பசுந்தேயிலையில் அச்சத்து நிலைக்கிறது. கருந்தேயிலைக்காக இலையைக் கசக்கிப் புளிக்க விடும்போது அது கெட்டுவிடுகிறது. இச்செய்தி பரவிய பின்னர் வட அமெரிக்காவிற்குப் பசுந்தேயிலை ஏற்றுமதி பெருகியது.

அம்மையார் இவ்வளவில் அமையவில்லை. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களைத் தேடலானார். இலைச்சாற்றில் பல பொருள்கள் விரவிக் கிடக்கும். ஒன்றைப் பிறிதொன்றன் கலப்பின்றிப் பிரித்தாலன்றி, அதன் இயல்பையோ உடலில் அது செய்யும் வேலையையோ துணிந்து கூற இயலாது. 1929-இல் கேட்டச்சின் என்னும் பொருளை அவர் தேயிலையிலிருந்து பிரித்தார். (வெற்றிலையுடன் மெல்லும் காசுக்கட்டியிற் கிடைத்தமையால் அப்பொருள் அப்பெயர் பெற்றது.) மறு ஆண்டில் டானின் என்னும் துவர்ப்பொருளைப் படிகமாக எடுத்தார். இவற்றை விளக்கி எழுதிய ஆய்வுரைக்காக 1932-ஆம் ஆண்டு ஜூனில் தோக்கியோப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. ஜப்பானில் வேளாண்மைத் துறையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அப்பொழுது அவருக்கு வயது 43.

கேட்டச்சின்களைப் பற்றிய ஆராய்ச்சி பின்னர் உலகெங்கும் வளர்ந்தது. ஜப்பானில் 40,530 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த அறிஞர்கள் 2006-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பசுந்தேநீரை மிகுதியாகப் பருகுவோரிடையே இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேரும் இறப்புக் குறைவாயிருந்தது. புற்றுநோய் இறப்பில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. அக்குறைவுக்குத் தேநீரே காரணம் என்று இத்தகைய கணக்கெடுப்பை மட்டும் கொண்டு அறுதியிட இயலாது. மேலும், கேட்டச்சின்களைச் செறிவாக்கி மாத்திரைகளாக மிகுதியும் உட்கொள்வது கல்லீரலுக்குத் தீங்காகலாம். உணவோடு தேநீர் பருகின், காய்கறி, தானியங்களிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். இவ்வாறு நன்மையையும் தீமையையும் அளந்து கூற இயல்வது, பொருளைப் பிரித்தறிந்த பின்னரே அன்றோ?

1949-இல் ஒச்சாநோமிசு மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அம்மையார் அங்குப் பேராசிரியரானார். தேநீருக்குரிய நீர் என்பது அப்பெயரின் பொருள். அவருக்கு எத்துணைப் பொருத்தமான இடம்! 1956-இல் ஜப்பானிய வேளாண் அறிவியல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஓய்வு பெற்ற பின்னரும் வேறொரு மகளிர் பல்கலைக்கழகத்தில் 1963 வரை கற்பித்தார். 1969-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தம் எண்பதாம் வயதில் தொயொஹாஷி நகரில் காலமானார். அவர் பிறந்த ஒக்கேகாவாவில் அவருக்கு நினைவுக்கல் ஒன்று நாட்டப்பெற்றுள்ளது.